கனத் தகடும் இலேசான கூரையே

தாம்பரத்தைக் கடந்து இரும்புலியூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலை பெருங்களத்தூருக்குள் நுழைகிறது. அங்கிருந்து வண்டலூர் வரை, சாலையின் இருபுறக் கிளைத்தெருக்களிலும் பட்டறைகளைக் காணலாம். கடைசல் பட்டறை, வெல்டிங் கூடம், லாரிக்குப் பாடி கட்டும் கொட்டகை, மரவேலைக் கூடம் என அவை பலவகை. இரும்போடு உறவாடும் தொழில் இவ்வூருக்குப் புதியதன்று. ஹெரால்டு, கெசல் முதலிய மகிழுந்துகளைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1980களின் இறுதியில் மூடப்படும் வரை இயங்கியது பெருங்களத்தூரில்தான். அந்நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகம் எழுந்துவிட்டது. சிறு பட்டறைகளோ இன்னும் இருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் கூரை மாற்றும் காலம் வரும்போது ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: பலமாடிக் கட்டடங்களில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் போடும் கனமான டெக் ஷீட்டையே கூரையாகப் போட்டுவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. ஆஸ்பெஸ்டாஸ் ஓடு விரிசல் விட்டு ஒழுகுகிறது. மெல்லிய தகரம் புயலில் கிழிகிறது. பெரிய கட்டுமானங்களில் மீந்த டெக் தகடுகள் இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதும் உண்டு. கையால் தட்டிப் பார்த்தாலே அதன் உறுதி தெரிகிறது. இத்தனை உறுதியான தகடு கூரைக்கு உதவாதா? உதவும் என்பதே என் கருத்து. ஆயினும் அத்தகட்டின் உறுதி எங்கே பயன்படுகிறது, எங்கே பயன்படாது என்பதை இயற்பியல் கொண்டு தெளிந்த பிறகே அதைக் கூரையில் ஏற்ற வேண்டும்.

முதலில் தகட்டையே அறிவோம். சந்தையில் தடிப்பைக் கேஜ் எண்ணால் சொல்வது வழக்கம். எண் கூடக் கூடத் தகடு மெலியும். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7, 26 கேஜ் 0.45. வழக்கமான கூரைத் தகடு அரை மில்லிமீட்டரை ஒட்டியது. டெக் தகடு 0.8 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். இங்கே வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கூரைத் தகட்டுக்குச் சொல்லப்படும் 0.5 என்பது பெரும்பாலும் பூச்சையும் சேர்த்த அளவு; உள்ளே எஃகு 0.45 அளவில்தான் இருக்கும். கடைசல் பட்டறையில் மைக்ரோமீட்டர் இல்லாமல் இராது. வாங்கும் தகட்டின் ஓரத்தில் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு ஒருமுறை அளந்து பார்ப்பது நலம்.

தடிப்பைவிட முதன்மையானது மடிப்பு. 1 மில்லிமீட்டர் தட்டைத் தகடு தன் எடையையே தாங்காமல் தொய்யும். அதையே 51 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேடும் பள்ளமுமாக மடித்தால் அதன் விறைப்பு ஆயிரக்கணக்கான மடங்கு உயர்கிறது. வளையும் பொருளில் மேல்முகம் அமுங்குகிறது, கீழ்முகம் இழுபடுகிறது. நடுவில் உள்ள பகுதிக்கு வேலை குறைவு. எஃகை நடுவிலிருந்து விலக்கி மேலும் கீழும் கொண்டுபோய் நிறுத்துவதே நெளிவின் பயன். மடித்த தகட்டின் விறைப்பு தடிப்புக்கு நேர் விகிதத்திலும், நெளிவின் உயரத்துக்கு இருமடி விகிதத்திலும் கூடும். 28 மில்லிமீட்டர் உயர நெளிவும் அரை மில்லிமீட்டர் தடிப்பும் உடைய கூரைத் தகட்டை, 51 மில்லிமீட்டர் உயரமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் உடைய டெக் தகட்டோடு ஒப்பிட்டால், டெக் தகடு ஆறு மடங்குக்கும் மேலாக விறைப்பானது. தடிப்பு தந்தது அதில் இரண்டு மடங்கே. மீதி முழுவதும் உயரம் தந்தது. இவ்வறிவு பழையது. இலண்டன் துறைமுகத்தில் பணிபுரிந்த பொறியாளர் என்றி ராபின்சன் பாமர் 1829இல் நெளி இரும்புக் கூரைக்குக் காப்புரிமை பெற்றபோதே, தகட்டை மடித்தால் அது தானே உத்தரமாகும் என்பதை உலகுக்குக் காட்டிவிட்டார்.

இந்த விறைப்பைக் கண்டதும் பட்டறைக்காரர் மனத்தில் எழும் எண்ணம், 'அப்படியானால் பர்லின்களைக் குறைத்துக்கொள்ளலாமே' என்பது. ட்ரஸ்களின் மேல் குறுக்காக ஓடித் தகட்டைத் தாங்கும் சட்டங்களே பர்லின்கள். சாதாரணத் தகட்டுக்கு ஒன்றேகால், ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக அவை வேண்டும். தொய்வை மட்டும் கணக்கிட்டால், டெக் தகட்டுக்கு இரண்டரை மீட்டருக்கு ஒன்று போதும். இரும்புச் செலவு குறையும். கீழ்நோக்கிய சுமைக்கு இக்கணக்கு சரி. நம் ஊரில் கூரையின் தலைவிதியைக் கீழ்நோக்கிய சுமை தீர்மானிப்பதில்லை என்பதே இங்கு மறக்கப்படும் செய்தி.

நம் முன்னோர் கட்டிய கூரைகள் தம் எடையால் நின்றவை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட மெட்ராஸ் டெரஸைக் காற்று அசைக்க முடியாது. அதன் கவலை எல்லாம் கீழே விழாமல் இருப்பதே. உலோகத் தகடு வந்தபின் கூரையின் பகை திசை மாறியது. இலேசான கூரை கீழே விழுவதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை; மேலே பறப்பதைப் பற்றி அஞ்ச வேண்டும். பனி பொழியும் நாடுகளில் கூரைத் தகட்டைப் பனியின் சுமைக்காகத் தடிப்பாக்குகிறார்கள். பனி பெய்யாத சோழமண்டலக் கரையில் தடித்த தகட்டுக்கு அந்தப் பணியே இல்லை.

எவ்வளவு விசை என்று பார்ப்போம். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 875 விதிநூலின் மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரை வகுத்துள்ளது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இது சில நொடிகளே நீடிக்கும் வீச்சின் வேகம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. நொடிக்கு மீட்டர் கணக்கில் வேகத்தை இருமடியாக்கி 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். 50இன் இருமடி 2,500. அழுத்தம் 1,500 நியூட்டன், ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்குச் சமம்.

இந்த அழுத்தம் கூரையை அமுக்குவதில்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கொட்டகையின் சுவரில் மோதும் காற்று கூரை விளிம்பில் பிய்ந்து மேலெழுகிறது. அவ்விடத்தில் கூரையின் மேல் அழுத்தம் குறைந்து உறிஞ்சல் பிறக்கிறது. அதே வேளையில் காற்றெதிர்ப் பக்கத்து ஷட்டர் திறந்திருந்தாலோ, பிய்ந்து போனாலோ, உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளுகிறது. மேலிருந்து இழுப்பும் கீழிருந்து தள்ளலும் ஒரே திசையில் கூடுகின்றன. மேலுறிஞ்சலுக்கு 0.8, உள்ளழுத்தத்துக்கு 0.5 என்ற பொதுவான கெழுக்களைக் கொண்டால் கூட்டுத்தொகை 1.3. ஆகவே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,950 நியூட்டன். எடைக் கணக்கில் 200 கிலோகிராம்.

20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடைய நடுத்தரப் பட்டறை ஒன்றைக் கொள்வோம். கூரைப் பரப்பு 200 சதுர மீட்டர். திறந்த வெளியில் நிற்கும் அக்கூரையை அவ்வீச்சு மேல்நோக்கி இழுக்கும் விசை 40 டன் அளவு. அதன் மேல் போட்ட அரை மில்லிமீட்டர் தகட்டின் எடை ஒரு டன். 1 மில்லிமீட்டர் டெக் தகடு போட்டால் இரண்டு டன். நாற்பதுக்கு முன் ஒன்றும் இரண்டும் ஒன்றே. எவ்வளவு கனமான தகடாயினும் அது இலேசான கூரைதான். எடையை நம்பி அதை மேலே வைக்க முடியாது. பிடித்துக் கட்டித்தான் வைக்க முடியும். அண்டையில் வீடுகள் நெருங்கியிருந்தால் காற்றின் விசை சற்றுக் குறையும் என்பது உண்மை. மறுபுறம், கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் அமையும் தொழிற்கூடங்களுக்குக் காற்று வேகத்தை 1.15 மடங்காகக் கொள்ள வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. பெருங்களத்தூர் கடலிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. வேகம் 1.15 மடங்கானால் விசை 1.32 மடங்காகும்.

2016 திசம்பர் 12ஆம் நாள் பிற்பகல் வர்தா புயல் சென்னையைக் கடந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தகரக் கூரைகள் பெயர்ந்து மின்கம்பிகளில் தொங்கின. அவ்வளவு அழிவையும் செய்த காற்று, விதிநூல் எதிர்பார்க்கச் சொல்லும் 180 கிலோமீட்டரை எட்டவே இல்லை. மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சின் அழுத்தம் 180 கிலோமீட்டர் வீச்சின் அழுத்தத்தில் பாதிக்கும் குறைவு. 'வர்தாவையே தாங்கிய கூரை' என்று எவரேனும் பெருமையாகச் சொன்னால், அந்தப் பெருமையைத் தேர்வின் பாதி வினாத்தாளுக்கு உரியதாகவே கொள்ள வேண்டும்.

இப்போது பர்லின் இடைவெளிக்குத் திரும்புவோம். தகடு பர்லினோடு இணைவது தானே துளையிட்டுக்கொண்டு இறங்கும் திருகுகளால். பர்லின் இரண்டரை மீட்டருக்கு ஒன்று, அதன் நெடுக 30 சென்டிமீட்டருக்கு ஒரு திருகு என்று வைத்தால், ஒவ்வொரு திருகும் முக்கால் சதுர மீட்டர் கூரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுக்கூரையில் அதன் பங்கு ஏறத்தாழ 1,500 நியூட்டன். இறவாணத்திலும் மூலையிலும் மொத்த மேலிழுப்பு இருமடங்காகக் கூடும். அங்கே 3,000 நியூட்டன். 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரண எஃகுப் பர்லினில் இறங்கிய ஐந்தரை மில்லிமீட்டர் திருகு பிடுங்கி வர ஏறத்தாழ 3,700 நியூட்டன் போதும். பாதுகாப்புக்கென்று விட்டுவைத்த இடைவெளி அங்கே கரைந்துவிட்டது. தகடு இரண்டரை மீட்டரைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தும், திருகு பெற்றிருக்கவில்லை. பர்லினை ஒன்றேகால் மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் சுமை பாதியாகும். செலவைக் குறைக்கவேண்டுமாயின் நடுக்கூரையில் சற்று அகலமாகவும், இறவாணம், முகடு, சுவரோரம் ஆகிய இடங்களில் நெருக்கமாகவும் பர்லின்களை அமைக்கலாம். எங்கும் ஒரே அளவாகப் பரப்புவதுதான் தவறு.

திருகோடும் இது முடிவதில்லை. மேல்நோக்கிய விசை திருகிலிருந்து பர்லினுக்கும், பர்லினிலிருந்து அதைப் பற்றியிருக்கும் கிளீட்டுக்கும், அங்கிருந்து ட்ரஸுக்கும், தூணுக்கும், தூணின் அடித்தகட்டு போல்ட்டுக்கும், கடைசியில் அடித்தளக் கான்கிரீட்டுக்கும் இறங்க வேண்டும். இத்தொடரில் எந்தக் கண்ணி மெலிந்ததோ அங்கே அறும். மெல்லிய தகடு போட்ட கொட்டகையில் திருகைச் சுற்றித் தகடு கிழிந்து, சில தகடுகள் மட்டும் பறந்துபோகும், சட்டகம் நிற்கும். தகட்டைக் கனமாக்கிவிட்டு மற்றவற்றைப் பழையபடியே விட்டால், தகடு கிழியாது. பர்லினோடு சேர்ந்து கூரை முழுவதும் எழும்பும். 2,000 கிலோ எடையுள்ள கூரை ஒன்று காற்றில் எழுந்து அண்டை வீட்டின் மேல் விழுவதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. ஆகவே டெக் தகடு போடுபவர் அடித்தளம் வரை மறுகணக்குப் போட்டாக வேண்டும். தூணடியில் சிறு குழி வெட்டி அரை மூட்டை சிமென்டில் நிறுத்தும் பழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக உள்ளது. கூரை மாற்றும்போது முதலில் அந்தக் குழியைத்தான் தோண்டிப் பார்க்கவேண்டும்.

இவ்வளவு சொன்னபின், கனத் தகட்டால் காற்றுக்கு எதிராக ஒரு நன்மையும் இல்லையா என்ற ஐயம் எழலாம். உண்டு, அது எடையில் இல்லை. அதை உலகுக்கு உணர்த்தியது ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம். 1974 திசம்பர் 25ஆம் நாள் விடியலுக்கு முன் டிரேசி புயல் அந்நகரைத் தாக்கியது. விமான நிலையக் கருவி மணிக்கு 217 கிலோமீட்டரைப் பதிந்துவிட்டுப் பழுதானது. நகரின் வீடுகளில் பெரும்பகுதி அழிந்தது. ஆய்வுக்கு வந்த சார்ச் வாக்கர் முதலிய பொறியாளர்கள் வியந்தது ஒன்றே: கூரைத் தகடுகள் அக்காலத்துச் சோதனைகளில் தேறியவை, வடிவமைப்பு விசையைத் தாங்க வல்லவை என்று நிறுவப்பட்டவை. அவை எப்படிப் பறந்தன?

காரணம் உலோக அயர்ச்சி. கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க முடியாதவரும் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அறுத்துவிடுவார். புயலில் கூரைக்கு நேர்வதும் அதுவே. காற்று ஒரே சீராக இழுப்பதில்லை. வீச்சு வீச்சாக இழுத்து விடுகிறது. மணிக்கணக்கில் ஆயிரக்கணக்கான வீச்சுகள். ஒவ்வொரு வீச்சிலும் திருகின் தலையைச் சுற்றியுள்ள தகடு சிறு குழியாக அமுங்கி, மேடாகத் திரும்புகிறது. அந்த வளைவின் ஓரத்தில் முடியிழை போன்ற வெடிப்பு தோன்றுகிறது. துளையிலிருந்து மூன்று நான்கு கதிர்களாகப் பரவுகிறது. கடைசியில் திருகு பர்லினில் அப்படியே நிற்க, தகடு அதன் தலைக்கு மேலாகக் கழன்று போகிறது. ஒரு திருகு விடுபட்டதும் அதன் சுமை அடுத்த திருகுகளுக்குப் போய்ச் சேர, கூரை ஓரமாகப் பிரிந்து விரிகிறது. புயலுக்குப்பின் பர்லினில் வரிசையாகத் திருகுகள் மட்டும் நிற்கும் கூரையைக் கண்டால், அயர்ச்சி நிகழ்ந்த இடம் அதுவென்று உறுதியாகச் சொல்லலாம்.

இதன் பின்னர்த் தகடுகளைப் பத்தாயிரம் முறை இழுத்து விட்டுச் சோதிக்கும் முறையை டார்வினில் கொண்டுவந்தனர். டவுன்ஸ்வில் நகரின் சேம்சு குக் பல்கலைக்கழகத்தில் 1977இல் புயல் சோதனை நிலையம் ஒன்று எழுந்தது. நெளிதகட்டின் திருகோரத்து அயர்ச்சியைப் பற்றி 1990இல் மகேந்திரன் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. நம் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலும் காற்றுச் சுரங்கம் உண்டு. கட்டடங்களின் மேல் காற்று விசையைப் பற்றிய ஆய்வு அங்கே நடைபெறுகிறது. பெருங்களத்தூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில் இத்தகைய ஆய்வுக்கூடம் இருக்கிறது என்பதைப் பட்டறைக்காரர் பலர் அறியார்.

கனத் தகட்டின் உண்மையான நன்மை இங்கேதான் வெளிப்படுகிறது. திருகுத் தலையைத் தகடு கிழித்துக்கொண்டு போகத் தேவையான விசை தகட்டின் தடிப்பை நேர் விகிதத்தில் பின்பற்றும். தடித்த தகடு திருகோரத்தில் குறைவாகவே அமுங்குவதால் வெடிப்பு தொடங்குவதும் தாமதப்படும். மெல்லிய கூரைத் தகடுகளைப் பெரும்பாலும் 550 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கடுமையான எஃகால் செய்கிறார்கள். மெலிவை ஈடுகட்ட அந்தக் கடுமை வேண்டும். கடுமை மிக்க எஃகு வளைந்து கொடுப்பதில்லை, வெடிக்கிறது. டெக் தகட்டுக்கான எஃகு 240 முதல் 350 மெகாபாஸ்கல் வரையிலான மென்மையான வகை. அது வெடிப்பதற்கு முன் நெகிழும். வர்தாவின்போது நகரத்தின் மேல் புயலின் கண் கடந்தது. சிறிது நேரம் அமைதி நிலவியபின் காற்று எதிர்த் திசையிலிருந்து வீசியது. முதல் பாதியில் ஒரு சரிவிலும் அடுத்த பாதியில் மறு சரிவிலும் அயர்ச்சி ஏறும் அத்தகைய நாளில், தடிப்பும் நெகிழ்வும் உடைய தகட்டின் மதிப்பு மிகப் பெரிது.

காற்றைக் கடந்தால் நீர். டெக் தகடு கூரைக்காகப் பிறந்ததன்று. அதன் மேல் கான்கிரீட் ஊற்றுவார்கள். நீர் புகாமல் காப்பது கான்கிரீட்டின் வேலை. ஆகவே அதன் ஓரம் அடுத்த தகட்டின் ஓரத்தோடு இணையும் இடத்தில், கான்கிரீட் பால் வழியாத அளவுக்கே பொருத்தம் இருக்கும். கூரைத் தகட்டின் ஓர மேட்டை உற்றுப் பார்த்தால், கீழ்த்தகட்டின் பக்கவாட்டில் மெல்லிய பள்ளக்கோடு ஒன்று ஓடுவதைக் காணலாம். இரு தகடுகளும் நெருங்கிப் படியும் இடத்தில் நீர் தந்துகிக் கவர்ச்சியால் மேலேறும். அந்தக் கோட்டில் இடைவெளி விரிவதால் ஏற்றம் அறுபட்டு, நீர் வழிந்து வெளியேறும். டெக் தகட்டில் அக்கோடு இல்லை. ஐப்பசி அடைமழையில், காற்றோடு சேர்ந்து சாய்வாக அடிக்கும் நீர் ஓர இணைப்பில் ஏறி உள்ளே சொட்டும். இதற்கு மருந்து உண்டு. ஓர இணைப்பு நெடுகப் பியூட்டைல் ஒட்டுப்பட்டையை இடையில் வைத்து, 30 முதல் 45 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு திருகுகளால் இரு தகடுகளையும் தைத்துவிட வேண்டும். ஒட்டுப்பட்டை இல்லாமல், வேலை முடிந்தபின் மேலே சிலிக்கானைப் பூசுவது இரண்டு கோடைக்குமேல் நிற்காது.

இன்னொரு சிக்கல் திருகின் இடம். கூரைத் தகட்டை மேட்டில் திருகலாம். மேட்டில் நீர் நிற்பதில்லை. 51 மில்லிமீட்டர் உயர மேட்டில் நீண்ட திருகை இறக்கினால், இறுக்கும்போதே மேடு அமுங்கும். காற்றில் திருகு சாயும். டெக் தகட்டைப் பள்ளத்தில்தான் திருக வேண்டும். பள்ளமோ மழைநீர் ஓடும் வாய்க்கால். திருகுத் தலைக்கு அடியில் உள்ள ரப்பர் வளையத்தையே அங்கே முழுதும் நம்பியாக வேண்டும். விலை கூடினாலும் எத்திலீன் புரொப்பிலீன் ரப்பர் வளையமுள்ள திருகையே வாங்குக. சாதாரணக் கருப்பு ரப்பர் வெயிலில் பொரிந்துவிடும். திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் வளையம் பிதுங்கி வெளியே வரும், அதுவும் ஒழுகும். வளையம் வாஷரின் விளிம்போடு ஒட்டி நிற்கும் அளவே சரியான இறுக்கம். நீர் பள்ளத்தில் தங்காமல் ஓடக் கூரைச் சரிவு 10 பாகை அளவு இருப்பது நல்லது.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டெக் கூரைகள் பெரும்பாலும் தோற்பது இங்கே. எஃகைக் காப்பது துத்தநாகப் பூச்சு. பிரான்சு நாட்டுச் சோரல் 1837இல் காப்புரிமை பெற்ற அம்முறை இன்றும் வாழ்கிறது. துத்தநாகம் எஃகுக்கு முன் தானே அரிபட்டு, எஃகைக் காக்கிறது. அது தன்னைச் செலவழித்துக்கொண்டே காப்பதால், எவ்வளவு இருக்கிறது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கும். கான்கிரீட்டுக்கு அடியில் மறையும் டெக் தகட்டுக்குச் சில வேளைகளில் சதுர மீட்டருக்கு 120 கிராம் பூச்சே இடுகிறார்கள். இருபுறமும் பிரித்தால் பக்கத்துக்கு 60 கிராம். தடிப்பில் எட்டரை மைக்ரானுக்கும் குறைவு. மிதமான அரிப்புச் சூழல் என்று பன்னாட்டுத் தரமுறை வகுத்துள்ள இடங்களில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும். அக்கணக்கில் அப்பூச்சு நான்கு முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் தீரும். 275 கிராம் பூச்சுள்ள தகட்டுக்குப் பக்கத்துக்கு 19 மைக்ரான் கிடைக்கும். ஆயுள் இருமடங்குக்கு மேல் நீளும். 55 விழுக்காடு அலுமினியம் கலந்த பூச்சு இன்னும் மெதுவாகக் கரையும். கூரைத் தகடுகள் பெரும்பாலும் அதையே பெற்றுள்ளன.

உப்புக்காற்றின் கொடுமையை நேரில் அறிய விரும்புவோர் கடலோர ஊரான மண்டபத்துக்குச் செல்லலாம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கே அரிப்பு ஆய்வு நிலையம் நடத்துகிறது. உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் நிறுத்தி ஆண்டுக்கணக்கில் அளக்கிறார்கள். பெருங்களத்தூர் மண்டபம் அன்று. கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் உப்பின் வீச்சு விரைவாகக் குறைந்துவிடும். ஆனால் நெடுஞ்சாலைப் புகையும், பட்டறைக்குள்ளேயே எழும் அமில ஆவியும், பெயின்ட் அடிக்கும் கூடத்தின் ஈரமும் அடிப்புறத்தைத் தாக்கும். அடிப்புறத்தை மழை கழுவுவதில்லை. படிந்த அழுக்கு அங்கேயே தங்கும்.

பூச்சைப் புயலும் உப்பும் கெடுப்பதற்கு முன்பே நம் கைகள் கெடுத்துவிடுவதுண்டு. தகடுகளைத் தார்ப்பாய் போடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மழையில் அடுக்கி வைத்தால், இடையில் சிக்கிய நீரால் வெள்ளைத்தூள் பூக்கும். அது துத்தநாகம் வீணாய்ப் போன அடையாளம். கூரையின் மேலேயே நின்று கட்டிங் மெஷினால் தகடு அறுப்பதும் பெருந்தவறு. சூட்டில் வெட்டோரத்துப் பூச்சு எரிகிறது. தெறிக்கும் செந்நிறப் பொறிகள் அண்டைப் பூச்சில் பதிந்து, அடுத்த மழையிலேயே ஆயிரம் துருப்புள்ளிகளாகின்றன. கத்தரிக் கருவியால் கீழே தரையில் வெட்டி, வெட்டோரத்தில் துத்தநாகம் நிறைந்த பெயின்ட் பூசி மேலே ஏற்றுவதே முறை. துளையிடும்போது விழும் உலோகச் சுருள்களை அன்றன்றே பெருக்கி எடுக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. தடித்த தகடு சூட்டைத் தடுக்கும் என்கிறார்கள். எஃகு வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது. அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் சூட்டில் உணரத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு மேற்பரப்பில் உள்ளது. புதிய துத்தநாகப் பரப்பு வெயிலை ஓரளவு திருப்பி அனுப்பினாலும், உறிஞ்சிய வெப்பத்தை வானத்துக்கு உமிழும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு, ஆகவே கொதிக்கிறது. வெள்ளை வண்ணம் இரண்டையும் நன்றாகச் செய்யும். டெக் தகட்டின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்தால் சூடும் குறையும், துத்தநாகத்தின் ஆயுளும் நீளும். மார்கழி விடியலில் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடுவதால், உட்புறத்தில் ஈரம் வேர்த்துக் கடைசல் எந்திரத்தின் மேல் சொட்டும். அதற்குத் தகட்டுக்கு அடியில் கண்ணாடி இழை மெத்தை வேண்டும். நீள்பெருக்கத்தையும் மறக்கலாகாது: 10 மீட்டர் தகடு, 40 பாகை வெப்ப ஏற்றத்தில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். மழையோசை கனத் தகட்டில் சற்றுக் குறையும், அவ்வளவே.

எடையின் நன்மையை உண்மையிலேயே விரும்புவோருக்கு வழி ஒன்று இருக்கிறது. டெக் தகட்டை அதன் பிறவிப் பணியிலேயே அமர்த்தி, மேலே சராசரி 100 மில்லிமீட்டர் கான்கிரீட் ஊற்றினால், சதுர மீட்டருக்கு 240 கிலோ எடை சேரும். நாம் முதலில் கண்ட 200 கிலோ மேலிழுப்பை அது வென்றுவிடும்; ஒழுக்கும் சூடும் குறையும். அதற்கேற்ற தூணும் அடித்தளமும் கட்டும் வசதி உள்ளவர்க்கு அது சிறந்த கூரை. பெரும்பாலான சிறு பட்டறைகளுக்கு அவ்வசதி இல்லை.

கனத் தகட்டை நான் ஆதரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதையே மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். கூரையின் மேல் மனிதர் ஏறுகிறார்கள். ஒழுக்கு அடைக்கவும், இலை கூட்டவும், காற்றுப்போக்கியை மாற்றவும் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் ஏறத்தான் வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடு எச்சரிக்கை எதுவும் இன்றிக் காலடியில் உடையும். ஏறியவர் எந்திரங்களின் மேல் விழுவார். பர்லினின் மேல் மட்டும் கால் வைத்து நட என்று சொல்லிவிட்டு ஒரு தொழிலாளியை அதன் மேல் ஏற்றுவது அவரது உயிரை நம் சிக்கனத்துக்கு ஈடு வைப்பதாகும். கண்ணாடியும் ஒளிபுகும் நார்த்தகடும் நீங்கலாக, கூரை மூடுதல் எதுவும் சிறு பரப்பில் 900 நியூட்டன் தனிச்சுமையைத் தாங்க வேண்டும் என்று ஐ.எஸ். 875 விதிநூலின் இரண்டாம் பகுதி கேட்கிறது. கருவிப்பையோடு நிற்கும் ஓர் ஆளின் எடை அது. நெருக்கமான பர்லின்களின் மேல் படுத்த டெக் தகடு அதை நெளியாமல் ஏற்கும். வெளிச்சத்துக்காக இடையிடையே பொருத்தும் ஒளிபுகும் நார்த்தகடுகளுக்கு அந்த வலிமை இல்லை. தூசி படிந்து சில ஆண்டுகளில் அவை சுற்றியுள்ள தகட்டின் நிறத்துக்கே வந்துவிடுகின்றன. மேலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. டெக் கூரை உறுதியானது என்று நம்பி நடப்பவர் அதில் கால் வைத்துவிடக்கூடும். ஒளித்தகடு ஒவ்வொன்றின் அடியிலும், பர்லினோடு பர்லினாக இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி வலை ஒன்று இருக்க வேண்டும். அதைக் கூரை போடும் நாளிலேயே கட்டிவிட வேண்டும், தகடு ஏறுவதற்கு முன்.